துணியில் கிடந்த ஊசிகள்

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஆக்சிஜன் உருளைகள் அடுக்கிய கொட்டகையைத் தாண்டினால் சலவைக்கூடம். ஒன்பதாம் வார்டில் நர்ஸாக இருந்த முதல் ஆறு வருஷத்தில் ஒருநாளும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டிக் கீழே அனுப்புவோம்; மறுநாள் வெளுத்து, மடித்து மேலே வரும். நடுவில் யார் கை படுகிறது என்று யோசித்ததுகூட இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊமைக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊமைக்கா என்பது கூடத்துப் பெண்கள் வைத்த பேர். பதினோரு வருஷமாக மூட்டை பிரிக்கிற வேலை. படுக்கை விரிப்பு ஒரு பக்கம், தலையணை உறை ஒரு பக்கம், ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி தனியாக. சண்டைக்கும் போக மாட்டார், சிரிப்புக்கும் வர மாட்டார். இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று யாரோ கேட்டதற்கு, "மூட்டை வருது, பிரிக்கிறேன்" என்றாராம். ஒரே மூச்சில் மூன்று வார்த்தை பேசிவிட்டார் என்று அன்றைக்குக் கூடமே சிரித்ததாம்.

அவருடைய நாத்தனாரைப் புருஷன் விட்டுப் போனபோது, சூப்பர்வைசரிடம் சொல்லி அங்கேயே சேர்த்துவிட்டவர் ஊமைக்காதான். சேர்ந்த ஐந்தாம் மாதம், ஒரு விரிப்பை உதறும்போது அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் ஊசி ஏறியது. நோயாளிக்குப் போட்டுவிட்டு யாரோ படுக்கையிலேயே போட்ட ஊசி.

"சோப்பு போட்டுக் கழுவிட்டு வாம்மா. ஊசி குத்தினதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட அனுப்பினா நான் யாரை வச்சு வேலை வாங்குறது?" என்றார் சூப்பர்வைசர்.

கழுவிவிட்டு வந்து நின்றாள். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நாலு மாடி ஆஸ்பத்திரியில், நூறடி தூரத்தில் அந்த மருந்து இருந்தது. குத்திய மூன்றாம் மாதம் அவள் கண் மஞ்சளாயிற்று. ஈரலில் கிருமி. உயிர் தப்பினாள், ஆனால் கிருமி போகவில்லை. ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடும் உடம்பாகிவிட்டது. வேலையும் போயிற்று.

ஊமைக்கா நாத்தனாரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு நியாயம் கேட்கப் போனார். அங்கிருந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

"ஊசி குத்தினதா எங்கேயும் பதிவு இல்லையேம்மா."

"பதிவு பண்ணலை சார். கழுவச் சொன்னாங்க, கழுவினா."

"இந்தக் கிருமி வேற வழியிலயும் வரும். வீட்டுக்காரரும் கூட இல்லைன்னு சொல்றீங்க. நமக்கென்ன தெரியும், பழக்கவழக்கம்…" என்று இழுத்தார்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "வாங்க அண்ணி, போயிடலாம்" என்றாள். ஊமைக்கா அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அந்தாளு சொன்னதைக்கூடப் பொறுத்துக்குவேன் சிஸ்டர். இவ தலையைக் குனிஞ்சா பாருங்க, அதான் என்னால தாங்க முடியல. இவ எதுக்குக் குனியணும்?"

எங்கள் துணிகளின் மூலையில் அழியாத மையில் வார்டு எண் இருக்கும். மறுநாளிலிருந்து ஊமைக்கா துணியில் கிடைத்த ஒவ்வொரு ஊசியையும் இடுக்கியால் எடுத்து, கெட்டியான காலி மருந்து டப்பாக்களில் போட ஆரம்பித்தார். வார்டுக்கு ஒரு டப்பா. ஒரு மாதத்தில் முப்பத்தேழு ஊசி. வீட்டுக்காரர், "உனக்கேன் இந்த வம்பு, நீயும் வேலையை விட்டுட்டு வந்து நிக்கப் போறியா?" என்று கத்தினாராம். "உங்க தங்கச்சிதானே?" என்று மட்டும் கேட்டாராம் இவர்.

ஒரு திங்கட்கிழமை காலை, டாக்டர்கள் வந்துபோகும் நேரம், டப்பாக்களோடு மாடியேறினார். ஒவ்வொரு வார்டாக நின்று, அந்தந்த வார்டின் ஊசிகளை மேஜைத் தட்டில் கொட்டினார். எங்கள் தட்டில் நாலு விழுந்தன. அதில் ஒன்று நான் போட்டதாக இருக்கலாம். இருக்கலாம் என்ன, இருந்திருக்கும்.

"வேணும்னு போடலைக்கா. ஒரு ஆளு நாப்பது பேஷண்டைப் பார்க்கிறோம்" என்றேன்.

"நாப்பத்தொண்ணாவதா என் நாத்தனார் படுத்திருக்கா, அவளையும் வந்து பாருங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தவளை ஒரு சலவைக்காரி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளே என்கிற கேவலமான கோபம். அன்று மாலை நானும் சேர்ந்துதான் அவர்மேல் புகார்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வேலை இடத்தை விட்டுப் போனதற்காக ஊமைக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஊசிப் பிரச்சினைக்கு நிர்வாகம் கண்டுபிடித்த தீர்வு ஒரு சொற்பொழிவு. கோட்டுப் போட்ட பேச்சாளர் ஒருவர் வந்து, வாழ்க்கையில் நோக்கம் உள்ளவர்கள் வேலையில் கவனமாக இருப்பார்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். எல்லாரும் அவரவர் நோக்கத்தைத் தாளில் எழுதச் சொன்னார். பிள்ளையைப் படிக்க வைப்பது, வீடு கட்டுவது என்று எழுதினார்கள். ஊமைக்காவை எழுப்பிப் படிக்கச் சொன்னார்.

"ஊசி இல்லாத துணி."

அரங்கத்தில் சிரிப்பு. பேச்சாளரும் சிரித்துக்கொண்டே, "இது நோக்கம் இல்லம்மா, குறை. குறையை விட்டு மேல வாங்க" என்றார்.

"நீங்க கீழ வாங்க சார். சலவைக்கூடம் கீழதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது கூடத்துப் பெண்கள் சிரிக்கவில்லை. மறுநாள் ஒருத்தரும் மூட்டையைப் பிரிக்கவில்லை. ஊசி இல்லை என்று வார்டில் சோதித்து, சோதித்தவர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வந்தால்தான் பிரிப்போம் என்று எல்லா மூட்டைகளையும் தூக்கிவந்து அந்தந்த வார்டு வாசலிலேயே வைத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் விரிப்பு தீர்ந்தது. மூன்றாம் நாள் ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தார்கள். அப்போதுதான் பெரிய டாக்டர் முதன்முறையாகச் சலவைக்கூடத்துக்குள் கால் வைத்தார். கூடவே அலுவலக அதிகாரி, சூப்பர்வைசர், வார்டுகளின் சார்பில் நாங்கள் மூன்று பேர்.

"நோயாளிகளைப் பணயம் வைக்கிறீங்க. ஊசியெல்லாம் எப்பவாவது ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்" என்றார் பெரிய டாக்டர்.

ஊமைக்கா ஒரு மூட்டையை இழுத்து அவர் காலடியில் வைத்தார். தன் கையுறையைக் கழற்றி நீட்டினார். காய்கறிப் பையை விட மெல்லிசான உறை.

"இதைப் போட்டுக்கிட்டு நீங்களே கையை விட்டுப் பிரிங்க சார். நாங்க பார்க்கிறோம்."

பெரிய டாக்டர் அந்த உறையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். கை தானாகப் பேண்ட் பைக்குள் போயிற்று.

அந்த வாரமே தடித்த கையுறைகள் வந்தன. ஒவ்வொரு மருந்து வண்டியிலும் குத்தி முடித்த ஊசியைப் போட மூடி வைத்த பெட்டி மாட்டினார்கள். ஊசி குத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து, பதிவேட்டில் பெயர். நாத்தனாரின் பெயர் மட்டும் அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. பழைய தேதியில் எழுத விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக ஊமைக்கா இன்னும் மனு போட்டுக்கொண்டிருக்கிறார். எட்டாவதோ ஒன்பதாவதோ மனு. அதில் நேரில் பார்த்த சாட்சிகளின் கையெழுத்து வேண்டுமென்றார்கள். குத்தியதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த மாதத்தில் எங்கள் வார்டில் ஊசிகளைப் படுக்கையிலேயே விட்டதுண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரி விழாவில் அவருக்குக் கேடயம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அவர் போகவில்லை. மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது, "போயிருக்கலாமேக்கா, நீங்க செஞ்சது சின்ன விஷயமா?" என்றேன்.

"முன்னெல்லாம் எதுக்கு எழுந்திரிக்கிறோம்னே தெரியாம எழுந்திரிப்பேன் சிஸ்டர். இப்பக் கண்ணைத் திறக்கும்போதே தெரியுது, இன்னிக்கு என்ன செய்யணும்னு. நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அவ உடம்பு போயி எனக்கு இது வந்திருக்கு. இதுக்குப் போயி கைதட்டுறாங்க. எரியுது எனக்கு."

பேருந்து வந்தது. சற்றுத் தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு அன்று ரத்தப் பரிசோதனை நாள். கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, அவளுக்கு ஒரு இடம் பிடிக்கப் போனார்.