இல்லாத புழுவுக்குப் பயந்த தாத்தா

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பி.காம். படித்தவன். போன வருடம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் தலையணைமேல் கரப்பான்பூச்சி மருந்து அடித்தேன். முடியைத் தின்கிற புழு அதில் குடியிருப்பதாக நம்பினேன். பிறகு அதிலேயே தலைவைத்துப் படுத்து, மூக்கு வீங்கி, ஆபீசுக்கு லீவு போட்டேன். புழு சாகவில்லை. இல்லாதது எப்படிச் சாகும்?

உங்கள் தலையிலும் திடீரென்று ஒரு வட்டம் தெரிந்தால், மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில் அதைப் பார்த்தது நானில்லை. ஹார்பர் லைன் ரயிலில் தினமும் எனக்குப் பின்னால் நின்று வரும் திவாரி. "செல்வராஜ் பாய், பீச்சே பால் காயப்!" என்றார். பின்மண்டையில் முடியைக் காணோமாம். தடவினேன். கேரம் ஸ்ட்ரைக்கர் அளவுக்கு ஒரு வட்டம், வழுவழுவென்று இருந்தது. முன்நெற்றி வருடக்கணக்கில் பின்வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அது அப்பா கொடுத்த சொத்து, கவலைப்பட்டதில்லை. இது சில வாரங்களில் வந்தது.

திலக் நகர் வீட்டில் என் மனைவி செல்வி ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னாள். அவள் திருநெல்வேலிக்காரி.

"புழுவெட்டுல்லா இது! சின்ன வெங்காயத்த வச்சு நல்லாத் தேயுங்க."

தேய்த்தேன். கூட்ட நேரத்து ரயிலில் முதன்முறையாக என்னைச் சுற்றி இடம் கிடைத்தது. முடி வரவில்லை. பக்கத்திலேயே இன்னொரு வட்டம் வந்தது.

சிரிப்பு அங்கே நின்றது. ஏனென்றால் அப்போது என் மகள் கவிதா பிரசவத்துக்கு வந்து எங்களோடு இருந்தாள். கைக்குழந்தை, என் முதல் பேரன், கன்னங்கரேலென்ற முடியோடு தொட்டிலில் கிடந்தான். புழு அவன் தலைக்குத் தாவிவிட்டால்? நான் அவனைத் தூக்குவதை நிறுத்தினேன். ஜலதோஷம் என்றேன், கை அழுக்கு என்றேன், இடுப்புப் பிடிப்பு என்றேன். ஹாலில் தனிப் பாய், தனித் துண்டு. ஆபீசிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வந்தேன்.

"என்னப்பா, பொண்ணு பொறந்திருந்தா தூக்கியிருப்பீங்களோ?" என்று கவிதா ஒருநாள் கேட்டாள். ஊரையே சிரிக்கவைக்கிற நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

ஒரு காலை குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். அவன் பின்மண்டையில் முடி இல்லை. வழுவழுவென்று ஒரு திட்டு.

அதை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, செல்வியையும் இழுத்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினேன். பாலக்காட்டுத் தமிழ் பேசும் அம்மாள். என் தலையைக் காட்டாமல் படத்தை நீட்டினேன்.

"டாக்டர், என் புழு பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டு."

"எந்தப் புழு?"

செல்வி விளக்கினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கொழந்தை மல்லாந்தே படுத்துண்டிருக்கானா?"

"ஆமா."

"துணியிலே ஒரசி ஒரசி முடி போயிருக்கு. பிறந்த முடி எப்படியும் கொட்டும். நிமிர்ந்து உக்கார ஆரம்பிச்சா தானே வளரும். உங்களைக் காட்டுங்கோ."

லென்ஸ் வைத்துப் பார்த்தார். செதில் இல்லை, அரிப்பு இல்லை, ஆகவே ஒட்டிக்கொள்ளும் பூஞ்சைப் படையும் இல்லை. பிறகு, "தாடையைத் தூக்குங்கோ" என்றார். தினமும் ஷேவ் செய்கிற முகம். தாடைக்கு அடியில் முடியே முளைக்காத ஒரு பொட்டு இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

"உங்க தலையிலே ரெண்டு கதை நடக்கறது. முன்னாடி போறது ஹார்மோன். முடி மெலிஞ்சு மெலிஞ்சு, மெதுவாப் போகும். ஆனா அதே ஹார்மோன்தான் தாடியை வளர்க்கறது. அது தாடியிலே இப்படி வட்டம் போடாது. பின்னாடியும் தாடையிலும் இருக்கறது அலோபீசியா அரியாட்டா (திட்டுத் திட்டாக முடி உதிர்வது). இது ஆட்டோ இம்யூன் (உடம்பின் காவல்படை தன் உடம்பையே எதிரி என்று தாக்குவது)."

வட்டத்தின் ஓரத்தில் மேலே தடித்து அடியில் மெலிந்த குட்டை முடிகளைப் படம் எடுத்துக் காட்டினார். அச்சு அசல் ஆச்சரியக்குறிகள்! விரல் நகங்களில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் இருந்தன. தைராய்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்தக் காவல்படை சிலருக்கு அங்கேயும் கைவைக்குமாம்.

"இது ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டவே ஒட்டாது."

அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் செல்விதான் கேட்டாள். நான் மனதால் டாக்ஸி பிடித்துவிட்டேன். வீடு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் தொட்டிலுக்கு ஓடினேன்.

"கையக் கழுவிட்டுத் தொடுங்க!" என்று செல்வி கத்தினாள்.

கழுவினேன். தூக்கினேன். கனத்திருந்தான். என் மூக்கைப் பிடித்து இழுத்தான். கவிதாவிடம் புழுக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

வட்டங்களில் மாதம் ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி (அத்துமீறும் காவல்படையை அடக்கும் மருந்து) போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும். சிலருக்குத் தானாகவே வளரும், சிலருக்குப் பரவும், வளர்ந்தாலும் மறுபடி கொட்டலாம். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் எனக்குப் பூனைமுடி போல வெள்ளையாக முளைத்தது! ரயிலில் திவாரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்குத் தெரியாத இரண்டு பேரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இப்போது ஷேவ் செய்யும் முன் தாடையை ஒருமுறை தடவுகிறேன். என் உடம்பும் என்னைப் போல்தான், இல்லாத எதிரிக்குப் பயந்து சொந்தத்தையே துரத்திவிடுகிறது என்ற எண்ணத்தில் அதன்மேல் கோபம் போய்விட்டது. முன்நெற்றி தன் வேகத்தில் பின்னால் போகிறது. போகட்டும்.

போன ஞாயிறு கவிதா சான்பாடாவிலிருந்து, மாமியார் வீட்டிலிருந்து, குழந்தையோடு வந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்மண்டையைத் திருப்பிக் காட்டி, "பாத்தியா, போனதெல்லாம் திரும்ப வந்துட்டு!" என்றேன்.

அவள் பார்த்தாள்.

"இவன் முதத்தடவ சத்தம் போட்டுச் சிரிச்சது, இவங்கப்பா இங்க வந்து குடையை டப்புனு விரிச்சப்ப. நீங்க பக்கத்துல இல்ல. அது வராதுப்பா."