பனிமேட்டுக்குத் தேங்காய் உடைக்கப் போனேன்

பிள்ளைகள் முன்னால் பனி சரிய வேண்டும். சரியவில்லை. அந்த நாளைத்தான் எழுதப் போகிறேன்.

நான் வேலை செய்தது ஒரு ஷாப்பிங் மாலுக்குள் இருந்த பனிக்கூடத்தில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து எல்.ஆர்.டி. ரயில் பிடித்துப் போவேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே பல் தந்தியடிக்கும். வருகிறவர்களுக்கு ஜாக்கெட்டும் பூட்ஸும் எடுத்துக் கொடுப்பேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது போதும்.

கூட்டம் குறைந்துபோனது. பெரிய பாஸ் பனியை வாரிக் கொட்டிவிட்டு, கூரைக்குள்ளேயே பந்து உதைக்கிற ஃபுட்சால் கோர்ட் போடப் போவதாகப் பேச்சு. ஃபுட்சால் ஆடுகிறவனுக்கு ஜாக்கெட் எதற்கு? எங்கள் வேலை போய்விடும். சூப்பர்வைசர் குணாதான் வழி சொன்னார். பள்ளிக்கூடங்களைக் கூப்பிட்டு, பனிச்சரிவு எப்படி வருகிறது என்று நேரிலேயே காட்டுவோம் என்றார்.

மேடு கட்டியது

குணா வீடியோ பார்த்தே எல்லாம் படித்தார்.

"கேக் மாதிரிதான் ஆன்டி. லேயர் லேயரா இருக்கும். நடு லேயர் ஒட்டலைன்னா மேல உள்ளது மொத்தமா வழுக்கிட்டு வந்துரும்."

அடியில் பழைய பனி, சிமெண்டுத் தரை போல இறுகியது. அதன்மேல் சீனி மாதிரிப் பொலபொலவென்ற பனி. அதற்கும் மேல் புதுப்பனியை மெஷினில் அடித்துப் பலகையாகத் தட்டினோம். சாய்வு மாடிப்படி அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி சேராமல் அப்போதைக்கப்போது உதிர்ந்துவிடும், படுத்திருந்தால் வழுக்காது. நிஜ மலையில் ஒரேயடியாகப் பனி கொட்டினாலும், காற்று ஒரு பக்கமாகக் குவித்தாலும், திடீரென்று சூடு ஏறினாலும் ஆபத்து கூடுமாம். அதனால் குணா குளிரையும் கொஞ்சம் குறைத்து வைத்தார்.

ஷோ

பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். பெரிய பாஸும் வந்திருந்தார்.

"ஒன், டூ, திரி... கத்துங்க!" என்றார் குணா மைக்கில்.

கத்தினார்கள். செக்யூரிட்டி பதறி ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். பனி அசையவில்லை. மறுபடி கத்தினார்கள். பெரிய பாஸ் தரையைக் காலடி வைத்து அளக்க ஆரம்பித்தார்.

குணா கவுண்டருக்கு ஓடிவந்தார். "ஆன்டி, தேங்காய் ஒடைக்காமலே ஆரம்பிச்சிட்டோம் லா! வாங்கினது என் மோட்டார் சைக்கிள் பெட்டியிலயே இருந்திருக்கு. நீங்கதான் மூத்தவங்க, மேல ஏறி ஒடைங்க."

"அய்யோ, இத்தனை பேரு பாக்குறாங்க. நான் மாட்டேன்."

"ஃபுட்சால் ஆன்டி, ஃபுட்சால்!"

ஜாக்கெட் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறினேன். சாமியைக் கும்பிட்டுத் தேங்காயை ஓங்கி அடித்தேன். பொத்தென்று பனிக்குள் முழுசாகப் போய்ப் புதைந்தது. உடையவில்லை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதை எடுக்க ஓர் அடி கீழே வைத்தேன்.

காலுக்கடியில் 'உம்ப்' என்று ஒரு சத்தம். எனக்கு மேலே குறுக்கே ஒரு விரிசல் கோடு ஓடியது. அவ்வளவுதான், பலகை பலகையாக உடைந்து மேடே கிளம்பியது. அதன்மேல் உட்கார்ந்தபடி நானும் கிளம்பினேன். தேங்காய் எனக்கு முன்னால் உருண்டது. பெரிய பாஸ் காலடியில் போய்த்தான் நின்றோம்.

அவர் தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குணா, நெக்ஸ்ட் ஷோ எப்போ?" என்றார்.

பிள்ளைகளோடு வந்த ஆசிரியை குணாவிடமிருந்து மைக்கை வாங்கி என்னிடம் நீட்டிவிட்டார். "ஆன்டி, நாங்க கத்துனப்ப ஏன் வரலை?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

வாயில் இருந்த பனியைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: "சத்தத்துக்கு வராதும்மா. ஒட்டாத லேயருக்கு மேல ஆள் பாரம் ஏறுச்சுன்னா வந்துரும். நிஜ மலையிலயும் சரிவுல மாட்டிக்கிறவங்கதான் முக்காவாசி நேரம் அதைக் கிளப்பி விடுறாங்களாம்."

கை தட்டினார்கள். மறுநாளே ஜாக்கெட் கொடுக்க வேறு ஆளைப் போட்டுவிட்டு என்னை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். ஏறி ஏறிச் சறுக்கியதில் நான் கற்றுக்கொண்டது இது: பனியோடு வரும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும்.