காப்புக் கட்டிய கையால் வடித்த ஜின்

சாராயம் வடிக்க லைசன்ஸ் கிடைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்ட பெண் இலங்கையில் வேறு யாரும் உண்டா என்று சுலக்ஷனாவுக்குத் தெரியாது. அவள் நேர்ந்துகொண்டாள். லைசன்சும் வந்துவிட்டது. அம்மன் தன் பங்கை முடித்துவிட்டாள், இனி இவள் பங்கு. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போகிற பாதையில் இறங்கி, கொழுந்து லொறி போகிற மண் ரோட்டில் நடந்தால் அந்தப் பழைய தேயிலை ஸ்டோர் வரும். எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கட்டடம். அதன் கீழ்த்தட்டில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, செம்புப் பானை ஒன்றை இறக்கி, மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு, ஜின் வடிக்கிற சின்ன ஆலை ஒன்றை அவள் ஆரம்பித்திருந்தாள். அதே தோட்டத்தில் மேல்கணக்கு என்கிற மேல்பிரிவில், லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள்தான். அம்மா காளியாயி கொழுந்து பறித்துப் படிக்க வைத்தாள். கம்பஸில் உணவுத் தொழில்நுட்பம் படித்தாள், பிறகு கொழும்பில் ஒரு சர்பத் கம்பெனியில் மணமும் ருசியும் பார்க்கிற வேலை.

அந்தக் கம்பெனி விருந்து ஒன்றில் யாரோ வெளிநாட்டு ஜின் போத்தல் ஒன்றைத் திறந்தார்கள். சுலக்ஷனா முகர்ந்து பார்த்தாள். கொத்தமல்லி, ஆரஞ்சு ஜாதித் தோடம்பழத்தின் தோல், ஏலக்காய். அட, இதில் பாதி ஹட்டன் பஜாரில் சாக்கு சாக்காகக் கிடக்கிறதே என்று நினைத்தாள். இதோடு நம் தேயிலையும் சேர்ந்தால்? அந்த ஒரு கேள்வி அவளைக் கொழும்பில் உட்காரவிடவில்லை. ஹட்டனில் மளிகைக் கடை வைத்திருந்த ஜனார்த்தனனிடம் போய்ப் பேசினாள். அவர் முதல் போட்டார், சாமான் கொடுத்தார், கூட்டாளியானார். நல்ல மனிதர், நல்ல கை. நாக்கு மட்டும் எதற்கும் உதவாது. எந்த மதுவை ஊற்றிக் கொடுத்தாலும் "சூடா இருக்கு" என்பதோடு அவருடைய அபிப்பிராயம் முடிந்துவிடும்.

ஜின் வடிப்பதில் உயிர் எங்கே இருக்கிறது என்றால், நிறுத்துகிற இடத்தில். பானையிலிருந்து முதலில் இறங்குவதைத் தலை என்பார்கள். மூக்கைக் குத்தும், ஆகாது, தனியே பிடித்து ஒதுக்க வேண்டும். நடுவில் வருவது நெஞ்சு, அதுதான் சரக்கு. கடைசியில் வருவது வால். நனைந்த அட்டைப்பெட்டியும் ஈரமண்ணும் சேர்ந்தாற்போல ஒரு வாடை அதில் இருக்கும். அது ஒரு கோப்பை கலந்தாலும் நெஞ்சு முழுவதும் கெட்டுவிடும். தலை முடிவதையும் வால் தொடங்குவதையும் மூக்கும் நாக்கும் சேர்ந்து பிடிக்க வேண்டும். ஆலையில் அந்த மூக்கும் நாக்கும் சுலக்ஷனாவுடையவை.

சித்திரையில் நுவரெலியாவுக்குச் சனம் குவியும். ஹோட்டல்கள் அதற்கு முன்பே மதுப் பட்டியலை முடித்துவிடும். பெரிய ஹோட்டல் ஒன்றின் மதுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ரஜிதா, சனிக்கிழமை ஆலைக்கே வந்து ருசி பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் பிடித்திருக்கிறது என்றால் இந்த சீசன் இவர்களுடையது. இல்லையென்றால் ஒரு வருடம் கைகட்டி உட்கார வேண்டும். ஜின்னுக்கு மூலமாக அரசாங்கம் அளந்து தருகிற மதுசாரமோ, கையில் இருந்தது ஒரு வடிப்புக்குத்தான் காணும். அடுத்த ஒதுக்கீடு சீசன் முடிந்த பிறகு.

இதற்கிடையில் கோயில் கமிட்டி கூடியது. சித்திரைக்குப் பிறகு வைப்பதாக இருந்த திருவிழாவை, கொழுந்து அதிகமாகிவிட்டால் தோட்டத்தில் லீவு கிடைக்காது என்று பங்குனிக்கு இழுத்துவிட்டார்கள். தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கெல்லாம் காப்புக் கட்டினார்கள். சுலக்ஷனாவின் இடது மணிக்கட்டிலும் மஞ்சள் துண்டு ஒன்று மஞ்சள் நூலில் ஏறியது. இனி காப்பு அவிழ்கிற வரை கவிச்சி இல்லை, மது இல்லை. மதுவை நாக்கில் வைக்கக்கூடாத ஒருத்திதான் நாளைக்கு மது வடிக்க வேண்டும்.

ஜனார்த்தனன் வழி தேடினார். நிஷாந்தியைக் கேட்டார். போத்தல் கழுவி லேபல் ஒட்டுகிற அவள், வாயருகே கொண்டுபோனாலே ஓங்கரிப்பாள். கடைசியில் பூசாரி இராமையாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சாமி, நாக்குல வச்சிட்டு ஒடனே துப்பிட்டா, அது குடிச்ச கணக்காகுமாங்க?"

"துப்புறதுக்கு முந்தி அது எங்கப்பா இருந்துச்சு?"

"வாயிலதாங்க."

"பெறகு என்னா கேள்வி இது?"

போன் வைக்கப்பட்டது. சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கு மட்டும் போதும் என்று அவள் சொன்னாள். சர்பத் கம்பெனியில் அவள் மூக்குக்கு ஒரு பெயர் இருந்தது. கருவி தப்பலாம், மூக்கு தப்பாது என்று அங்கே அவளே பெருமையடித்துக்கொள்வாள்.

மதுவரி அதிகாரி வந்து மதுசார அறைக்குப் போட்டிருந்த தன் பூட்டைத் திறந்து மதுசாரத்தை அளந்து கொடுத்தார். அவள் மணிக்கட்டைப் பார்த்து, திருவிழா முடியாமல் ருசி பார்ப்பது யார் என்று சிங்களமும் தமிழும் கலந்து விசாரித்தார். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஜின்னுக்கு அடிப்படையான ஜூனிப்பர் காய், கொத்தமல்லி, தோடம்பழத் தோல், ஏலக்காய், மேல்கணக்கில் பறித்த தேயிலை எல்லாம் அன்றிரவு மதுசாரத்தில் ஊறின.

விடிந்ததும் காளியாயி அரைத்த மஞ்சளோடும் வேப்பிலையோடும் வந்து நின்றாள். மகளின் காப்புக்குப் புதிதாக மஞ்சள் பூசினாள். பிறகு பானையைச் சுற்றிச் சூடம் காட்ட வேண்டும் என்றாள்.

"பெரியம்மா, உள்ள சூடம் கொளுத்தினா நாம எல்லாரும் நேரா சாமிகிட்டயே போயிருவோம்" என்று நிஷாந்தி வாசலிலேயே மறித்துத் தட்டை வாங்கி வெளியே வைத்தாள். காளியாயி திரும்பிப் போகவில்லை. பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். சும்மாதான் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். மகளின் வாய்க்குக் காவல் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பானை சூடேறியது. செம்பு மெல்ல முனகியது. குழாய் முனையில் முதல் சொட்டு தொங்கி, தயங்கி, விழுந்தது. ஜனார்த்தனன் கும்பிட்டார். சுலக்ஷனா வலது கையை வால்வில் வைத்தாள், இடது கையில் சின்னக் கிளாஸ். பிடித்தாள், முகர்ந்தாள், ஊற்றினாள், மறுபடி பிடித்தாள். நெடி குத்திக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு கிளாஸில் அந்தக் குத்தல் விலகி, மூடியிருந்த ஜன்னலைத் திறந்தாற்போல ஜூனிப்பரும் தோடம்பழமும் மேலே வந்தன.

"நெஞ்சு" என்றாள். வால்வு திரும்பியது. பெரிய பாத்திரத்துக்குள் சரக்கு ஓடத் தொடங்கியது. தள்ளி நின்ற நிஷாந்திக்கு வாந்தி வரவில்லை. ஜனார்த்தனன் அங்குமிங்கும் நடந்தார். வாசலில் இருந்த காளியாயிகூட எட்டிப் பார்த்தாள். அவள் அறிந்த சாராயம் புருஷன் சட்டையில் வீடு வந்த சாராயம் ஒன்றுதான்.

"ஒங்கப்பன் மேல அடிச்ச நாத்தம் இல்ல இது" என்றாள் கொஞ்சம் சந்தேகத்தோடு. "என்னமோ தோட்டத்து வாசமாட்டம் இருக்கு."

சுலக்ஷனாவுக்குச் சந்தோஷத்தில் காதுவரை சூடேறியது. மூக்கு மட்டுமே போதும் போலிருக்கிறது என்று தோன்றிய அந்த நேரத்தில்தான் அது வந்தது. ஈரமண். லேசாக, ஆனால் தெளிவாக. அவள் அடுத்த கிளாஸைப் பிடித்தாள். மண். அதற்கடுத்ததிலும் மண்.

பாத்திரம் பாதிகூட நிரம்பவில்லை. மதுசார மானி இன்னும் உயரத்திலேயே நின்றது, வால் வருகிற அளவுக்கு இறங்கவே இல்லை. ஜனார்த்தனன் அதைக் காட்டினார். சுலக்ஷனா கேட்கவில்லை. மண்வாடை ஏறிக்கொண்டே போனது, ஒரு கோப்பை கலந்தால் எல்லாம் போச்சு. வால்வைத் திருப்பினாள். வந்துகொண்டிருந்தது வால் பாத்திரத்துக்குள் போனது.

"இவ்வளவுதானா?" என்று ஜனார்த்தனன் பாத்திரத்தைப் பார்த்தார். ஹோட்டலுக்கு மாதிரி காட்ட இது காணும், விற்கக் காணாது. நிஷாந்தி கழுவி அடுக்கி வைத்திருந்த போத்தல் வரிசையை யாரும் பார்க்கவில்லை. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். கிளாஸ் அவள் உதட்டுக்கு எவ்வளவு கிட்டே வந்தது என்பதைக் காளியாயி பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து எழுந்து நின்றாள்.

சுலக்ஷனா கிளாஸைக் கீழே வைத்தாள். பானைச் சூட்டில் முகமெல்லாம் வேர்வை. இடது புறங்கையால் மூக்குக்குக் கீழே துடைத்தாள்.

மண்.

கையில் கிளாஸ் இல்லை. மறுபடி முகர்ந்தாள். வேர்வையில் நூல் நனைந்து, காலையில் பூசிய பச்சை மஞ்சள் ஊறி, மணிக்கட்டு முழுக்க ஈரமண்போல மணந்துகொண்டிருந்தது. கிளாஸை மூக்குக்குத் தூக்கும்போதெல்லாம் ஜின்னுக்கு முன்னால் காப்பு வந்து நின்றிருக்கிறது.

"நிஷாந்தி, கிளாஸப் புடி. நீ புடி, என் கையில குடுக்காத. மூக்குக்கிட்ட நீட்டு."

இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். நிஷாந்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கிளாஸை நீட்டினாள். ஜூனிப்பர் இருந்தது. தோடம்பழம் இருந்தது. அவற்றுக்குப் பின்னால், இவ்வளவு நேரம் மறைந்திருந்த தேயிலை, வாட்டிய கொழுந்தின் மணம், இப்போதுதான் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. மண் இல்லை. ஒரு துளி மண்கூட இல்லை.

வால்வு நெஞ்சுக்குத் திரும்பியது. வால் பாத்திரத்துக்குள் போனது வீணில்லை, அடுத்த வடிப்பில் சேர்க்கலாம். நடுவில் போன கொஞ்சம் போக மீதியெல்லாம் அகப்பட்டது. சுலக்ஷனா கையைப் பின்னால் கட்டியபடியே குனிந்து குனிந்து முகர்ந்தாள். நிஷாந்தி ஓங்கரித்து ஓங்கரித்து நீட்டினாள். உண்மையான வால் வந்தபோது சந்தேகமே இருக்கவில்லை. மானியும் மூக்கும் ஒன்றாகச் சொன்னன. ஜனார்த்தனன் போத்தல்களைத் தானே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். காளியாயி பெட்டியில் திரும்ப உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை, தீச்சட்டி எடுக்கிற அன்றே, ரஜிதா வந்தாள். கலகலப்பானவள், ஆனால் வேலையில் கறார். கிளாஸை எடுத்தாள், சுழற்றினாள், முகர்ந்தாள். குடிக்கவில்லை. இன்னொரு கிளாஸைச் சுலக்ஷனா பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் எடுங்க. செஞ்சவங்க குடிக்காத சரக்க நான் மெனுவுல போடுறதில்ல."

ஜனார்த்தனன் முந்திக்கொண்டு நேர்த்தி, திருவிழா, கமிட்டி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். ரஜிதாவின் புருவம் இறங்கவில்லை. அப்படியானால் இதை ருசி பார்த்தது யார் என்று கேட்டாள். யாருமில்லை என்றாள் சுலக்ஷனா. மணிக்கட்டைக் காட்டினாள்.

"மிஸ், நான் இன்னும் நாக்குல வைக்கல. ஆனா என்னா இருக்குன்னு வரிசையாச் சொல்றேன். நீங்க குடிச்சுப் பாருங்க. ஒன்னு தப்பினாலும் எடுக்க வேணாம்."

ரஜிதாவுக்கு அது பிடித்துவிட்டது போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலில் தோடம்பழத் தோல் வரும் என்றாள் சுலக்ஷனா. பிறகு ஜூனிப்பர், அதன் தோளில் ஏலக்காய். விழுங்கின பிறகு, தொண்டைக்கு மேலே, தேயிலை. ரஜிதா ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினாள்.

"தேயிலை வருது" என்றாள் ரஜிதா. "விழுங்கி ரொம்ப நேரம் கழிச்சும் நிக்குது. இத எங்கயும் குடிச்சதில்ல." இன்னொரு வாய் எடுத்தாள். "ஆனா வரிசை தப்பு. ஏலக்காய் எல்லாரையும் தள்ளிக்கிட்டு முன்னால வருது."

அதெப்படி என்றாள் சுலக்ஷனா. ஏலக்காயை அவளே நிறுத்து வைத்திருந்தாள், சரியாக இருந்தது. மூக்குக்கு அடங்கித்தான் வந்தது. நாக்கில் மட்டும் எப்படி? எதையும் மறைக்கத் தெரியாத ஜனார்த்தனனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ நிறுத்து வச்சிட்டுப் போன" என்று அவர் மெல்லத் தொடங்கினார். "நான் ஊறலுல கொட்டினேன். முப்பது வருசமா எந்த ஆளுக்கு நிறுத்தாலும் மேல ஒரு கை போட்டுத்தானே குடுப்பேன். கை பாட்டுக்குக் கொசுறு போட்டுருச்சு."

நிஷாந்தி லேபல் கட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரஜிதா ஜனார்த்தனனைப் பார்த்து மேசையில் தட்டிச் சிரித்தாள். தப்பியது மூக்கு இல்லை, இவர் கைதான், இருக்கிற போத்தல் அத்தனையும் சீசனுக்கு எடுத்துக்கொள்கிறேன், அடுத்த வடிப்பில் கொசுறு வேண்டாம் என்றாள். தேயிலை அப்படியே இருக்க வேண்டும், அதைத் தொட்டால் வரமாட்டேன் என்றும் சொன்னாள்.

ஜனார்த்தனன் போன் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார், யாருக்குச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. கோயில் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. குளித்துவிட்டு ஈரச்சேலையோடு வர வேண்டும், சட்டியில் தீ மூட்டிவிட்டார்கள் என்று காளியாயி வெளியே நின்று கூப்பிட்டாள்.

சுலக்ஷனா எழுந்தாள். கதவு வரை போனாள். திரும்பி வந்து ரஜிதாவுக்கு எதிரே மறுபடி உட்கார்ந்தாள்.

"மிஸ், இன்னும் ஒரே ஒரு வாய் எடுங்க" என்றாள். "அவசரப்படாம. தேயிலை எப்ப வருது, எப்பிடி வருதுன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே முழுங்குங்க."