கியர் போடுகிற கை

திருநகர் முனீஸ்வரிக்கு வாய் நீளம். புருஷன் மேல் பாசம் அதைவிட நீளம். அந்தப் பாசம்தான் அவன் கையைக் கெடுத்தது.

புருஷன் நல்லகாமன், திருமங்கலம் ரூட்டில் பஸ் டிரைவர். தொண்ணூற்றாறில் மழைநாளில் படியில் வழுக்கி விழுந்து இடது கையை முறித்துக்கொண்டான். ஒன்றரை மாதத்தில் மாவுக்கட்டைப் பிரித்து, "இனிமே கையை நல்லா ஆட்டுங்க" என்றார் டாக்டர். முனீஸ்வரி ஆட்ட விட்டால்தானே? துண்டை அவன் கழுத்தில் முடிந்து, கையைத் தொட்டில் பிள்ளை ஆக்கினாள். சட்டைப் பொத்தான், வேட்டிக் கட்டு, தலைக்குத் தண்ணீர், எல்லாம் அவளே.

ஒரு மாதம் கழித்துத் துண்டை அவிழ்த்தால், கை முருங்கைக்காயாக மெலிந்து, மடங்கினபடியே நின்றது. கியர் போடுகிற கை. அடுத்த மாதம் டெப்போவில் ஓட்டிக் காட்டாவிட்டால் பஸ் கிடையாது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் ஹம்சவேணி கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"எலும்பு நல்லா கூடிருச்சுக்கா. சதைதான் வத்திருச்சு. சதைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்னாடி உள்ளது இழுத்தா கை மடங்கும், பின்னாடி உள்ளது இழுத்தா நீளும். ஒண்ணு இழுக்கையில இன்னொண்ணு விட்டுக்குடுக்கும். ரெண்டுக்கும் வேலை குடுங்க."

"அப்ப நான் இம்புட்டு நாளாப் பார்த்த பண்டுவம்?"

"அதுதாங்க்கா வியாதி."

மறுநாள் காலை, முனீஸ்வரி குடத்தோடு அவனைத் தெரு அடிபம்பில் நிறுத்தி, இடது கையில் பிடியைக் கொடுத்தாள். வரிசையில் நின்ற ராமக்காள் சிரித்தாள்.

"டிரைவர் தம்பி, பஸ்ஸு எந்த ஊருக்கு?"

"திருமங்கலந்தான் மதினி. நீங்க ஏறிராதீக, பாரம் தாங்காது" என்றாள் முனீஸ்வரி.

நாலு அடியில் அவன் முகம் கோணியது. "வலிக்குதுடி."

அவள் கை தானாகப் பம்புக்குப் போனது. இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "வலிக்கட்டும். அடிங்க."

கால் குடத்தோடு வீடு வந்தவள், அடுப்படியில் புகை இல்லாமலே கண்ணைத் துடைத்தாள்.

இருபது நாளில் குடம் நிறைந்தது. கையும் நீண்டது.

டெப்போவுக்குப் போகிற அன்று சட்டையை அவனே மாட்டினான். ஒரு பொத்தான் மாறிப்போய்ச் சட்டை கோணலாகத் தொங்கியது. முனீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் வாசலிலேயே சொன்னான்: "நாளையிலருந்து வரச் சொல்லிட்டாக." பிறகு சட்டையைக் குனிந்து பார்த்தான். "ஏன்டி, காலையிலயே பார்த்தியா இதை?"

"பார்த்தேன்."

"சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தா கையும் கூடவே வந்துருமுல்ல" என்றாள்.

அவன் இடது கையால் பொத்தானை அவிழ்த்து, சரியாகப் போட்டுக்கொண்டான். அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.