நூற்றெட்டுப் புளியமுத்து

ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் பெண்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவோம். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதி அம்மாளின் கால்வலியை நாங்கள் நடந்து வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. அந்த வருஷம் நான் நூற்றெட்டுச் சுற்று நேர்ந்திருந்தேன், பத்தாவது படிக்கிற என் மகளுக்காக.

அவள் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அரசுப் பள்ளி. கணக்கு வாத்தியார் மாறுதலாகிப் போனபின் அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. அறிவியல் டீச்சர்தான் கணக்கையும் சேர்த்து எடுத்தார். முதல் பரீட்சையில் வகுப்பில் பாதிப் பேர் பெயில். "எனக்கு மண்டையில ஏறாதும்மா. தறிக்குப் போறேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். எட்டாவதோடு நின்றவள் நான், என்ன சொல்லித் தேற்றுவேன்? கூட நடக்க அழைத்துவந்தேன்.

என் இடுப்புச் சேலையில் இரண்டு முடிச்சு, வலதில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை; புளியமுத்து என்போம். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புளியமுத்தை வலது முடிச்சிலிருந்து இடதுக்கு மாற்றுவேன். எழுபது சுற்று தாண்டியிருக்கும், பின்னாலிருந்து அந்த அறிவியல் டீச்சரே வந்து சேர்ந்துகொண்டார்.

"என்னட்டி, ஸ்கூலுக்கு வர மாட்டேங்கே, கோயிலுக்கு மட்டும் வாரியோ?"

மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பேச்சை மாற்ற, "உங்களுக்கு என்ன நேர்ச்சை டீச்சர்?" என்றேன்.

"கணக்கு வாத்தியார் ஒருத்தர் வரணும்னுதான்க்கா. நானே வீட்ல படிச்சிட்டுல்லா வந்து சொல்லிக்கொடுக்கேன்." சிரித்துக்கொண்டே அவளிடம் திரும்பினார். "உனக்கு எங்கன முட்டுது?"

"தொடர்வரிசை, மிஸ். மொத்தம் எவ்வளவுன்னு கேக்காங்கள்ல, அது."

"கையில எண்ணிப் பாக்க ஏதாவது இருந்தா நல்லாருக்கும்…"

நான் முந்திக்கொண்டு இரண்டு முடிச்சையும் அவிழ்த்துத் தூணோரம் கொட்டினேன்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒன்று, அதன்கீழ் இரண்டு, மூன்று என்று ஐந்து வரிசை படியாக அடுக்கினார். அதே போல இன்னொன்றைத் தலைகீழாக ஒட்டி வைத்தார்.

"இப்ப கட்டமாயிட்டுல்லா? ஐயாறு முப்பது. நமக்கு வேண்டியது இதுல பாதி. அப்ப பத்து வரிசைன்னா?"

மகள் முத்தைத் தொடவே இல்லை. "பத்துப் பதினொண்ணு நூத்திப்பத்து. பாதி… அம்பத்தஞ்சா மிஸ்?"

"மண்டையில ஏறாதுன்னு யாருட்டி சொன்னது?"

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. சுற்றியது எது, சுற்றாதது எது? எல்லாம் கலந்து கிடந்தது.

"என்னாலதானம்மா?" என்றாள் மகள்.

"இருக்கட்டும் மக்கா. அம்மாளுக்காகத்தான நடக்கோம்." முத்துகளை அள்ளி வலது முடிச்சில் போட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். முட்டி விண்விண் என்று வலித்தது.

மூன்றாவது சுற்றில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எம்மா, யூனிபார்ம் துவைச்சிருக்கியா?"

மூன்று நாளாக அது துவைத்து மடித்துத் தயாராகத்தான் இருந்தது.