மாமா கிரில் மூட்டிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் ஆடு சமைக்கலாம். கோழி சமைக்கலாம். மீனும் இறாலும் சமைக்கலாம். மாடு மட்டும் வாசல் தாண்டக் கூடாது. ஏன் என்று கேட்டால், ‘எங்கடை ஆக்கள் சாப்பிடுறேல்லை’ என்பார் அம்மா. எங்கள் ஆட்களில் முதல் ஆள் அப்பா. அவர் கடையில் வாங்கித் தின்ற ரோல்ஸுக்குள் என்ன இருந்தது என்று லண்டன் மோர்டனில் பாதிப் பேருக்குத் தெரியும். அது வெளியில். வெளியில் என்றால் பரவாயில்லையாம்.

இந்த நியாயத்தால்தான் மாமா வீட்டை விட்டுப் போனார். எனக்கு அப்போது பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். ஒரு பப்பின் குசினியில் கோப்பை கழுவினார். வந்த நாளிலிருந்து அதே வேலை. விரல்கள் எப்போதும் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். அங்கே கிரில்லில் நின்றவன் வேலையை விட்டான். பெரிய சமையல்காரன் மாமாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பிரிஸ்கெட் வாட்டிக் காட்டு, சரியாக வந்தால் அந்த இடம் உனக்கு என்றான்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சு இறைச்சி. மணிக்கணக்கில் அவிய வேண்டியது. மத்தியானம் வந்து குந்துகிற சனம் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்காது. மெல்லிசாக வெட்டி, கடும் சூட்டின் கீழ் வைத்து, சில நிமிடத்தில் எடுக்க வேண்டும். பிழைத்தால் செருப்புத் தோல்தான்.

பழகிப் பார்க்க ஒரு குசினி வேண்டும். மாமாவுக்கு எங்கள் குசினியை விட்டால் வேறு இல்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறி நாள். அதனால் சனிக்கிழமை பார்த்தார். அந்த மரியாதை அவருக்கு இருந்தது. அம்மா முதியோர் இல்லத்தில் ஷிப்ட். அப்பா இரவு வேலை முடித்து வந்து மேலே நித்திரை.

அடுப்போடு சேர்ந்த எங்கள் கிரில்லை அதுவரை யாரும் மூட்டியதில்லை. அது தாச்சியும் பழைய தட்டுகளும் வைக்கிற இடம். மாமா எல்லாவற்றையும் எடுத்து நிலத்தில் வைத்தார். பிறகு மேலே பார்த்தார். இடம் காணாத வீடு. அடுப்புக்குப் பக்கத்து மேல் அலுமாரிக்குள்தான் சாமிப் படங்கள். கதவைச் சாத்தி, இடுக்கில் ஒரு துவாயை வைத்து அடைத்தார். புகை மணியைப் பற்றிக் கவலையில்லை. அம்மா மீன் பொரிக்கிறவர் என்பதால் அதற்கு எப்போதும் ஒரு ஷொப்பிங் பை கட்டியிருக்கும்.

முதல் தட்டு வெளியே வந்தது.

‘பிள்ளை, சப்பிப் பார்.’

சப்பினேன். சப்பிக்கொண்டே இருந்தேன்.

‘ரப்பர் மாதிரி இருக்கு மாமா.’

‘நல்லது. உப்பிடித்தான் உண்மை பேசோணும்.’

ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நார் ஓடுகிற பக்கமாகவே வெட்டியிருந்தார். அடுத்த தரம் நாருக்குக் குறுக்கே வெட்டினார். சோயா சோஸ், உள்ளி, தூள், தேசிக்காய்ப் புளி. கிரில் நன்றாகச் சிவக்கும் வரை பொறுத்திருந்து உள்ளே தள்ளினார். கொழுப்பு வெடித்தது. ஓரங்கள் கருகின. ஒரு தரம் திருப்பினார், எடுத்தார். மற்றத் துண்டுக்குக் கை நீட்டினேன். மாமா அப்படிச் சிரித்து அதற்கு முதல் நான் பார்த்ததில்லை.

மணத்துக்கு அப்பா இறங்கி வந்தார்.

‘என்னடாப்பா, வீட்டை எரிக்கிறியோ?’

‘அத்தான், இது மாடு. நீங்கள் போய்ப் படுங்கோ.’

‘படுக்கலாம். பாண் இருக்கோ?’

நின்றபடியே சாப்பிட்டார். என்னைவிடக் கூடச் சாப்பிட்டார். சமைத்த மாமாவை விடவும் கூட.

அன்று அம்மா நேரத்தோடு வந்துவிட்டார். முன்கதவு திறந்த சத்தத்துக்கு அப்பா வாயைத் துடைத்த வேகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

‘நான் அப்பவே சொன்னனான், வேண்டாமெண்டு,’ என்றார் அப்பா. அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா மாமாவைப் பார்த்தார்.

‘என்னடா இது?’

‘பிரிஸ்கெட், அக்கா.’

‘உந்தப் பேரெல்லாம் எனக்கு வேண்டாம். மாடோ, இல்லையோ?’

‘மாடுதான்.’

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. கோட்டைக்கூடக் கழற்றாமல் யன்னல்களைத் திறந்தார். அலுமாரியில் இருந்த துவாயை இழுத்து எடுத்தார். மாமா பின்னால் நின்று திங்கட்கிழமைக் கதையைச் சொன்னார்.

‘கோழியை வாட்டிக் காட்டன்.’

‘அவன் கோழி கேக்கேல்லை அக்கா. இன்னும் எத்தினை வருசத்துக்குக் கோப்பை கழுவுறது? பாவமெண்டால் அது எனக்குத்தானே. உங்களுக்கில்லை.’

‘அதை நீ சொல்லாதை.’

கடைசி யன்னலையும் தள்ளித் திறந்தார். பிறகு அம்மா சொன்னார். ‘உனக்கு அந்த வேலை வேணுமெண்டால் எடு. இந்த வீட்டிலை இருந்துகொண்டு எடுக்காதை.’

எனக்குப் பொறுக்கவில்லை. ‘அப்பாவும் சாப்பிட்டவர்,’ என்றேன்.

‘தெரியும்,’ என்றார் அம்மா.

அவ்வளவுதான். தெரியுமாம். தெரிந்தும், சாப்பிட்டவர் சோபாவில் இருந்து ரிவி பார்த்தார். சமைத்தவர் பையைக் கட்டினார். செவன் கிங்ஸில் ஒரு சிநேகிதனின் அறைக்குப் போவதாகச் சொன்னார். வாசலில் என் தலையில் கை வைத்தார். ‘குறுக்கை வெட்டோணும் பிள்ளை. மறந்திடாதை.’ அம்மா கிரில் தட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீரால் குசினியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தது.

அந்தக் கிழமையிலிருந்து அம்மா மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடவில்லை. எங்களுக்கு எல்லாம் சமைத்தார். தனக்குச் சோறும் பருப்பும். உப்புப் பார்க்கக்கூட வாயில் வைக்கமாட்டார். அகப்பையோடு என்னைக் கூப்பிடுவார். நான் படிப்பையோ விளையாட்டையோ விட்டுவிட்டு வந்து நக்கிப் பார்த்து, காணும், காணாது என்று சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு மனிசனைத் துரத்தியது போதாதென்று எங்களோடும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்பாவிடம் கேட்டால், ‘கொம்மாவைக் கேள்’ என்பார்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாமா வருவார். சப்பாத்தைக் கழற்றி, நேரே மேலே குளியலறைக்குப் போய்த் தோய்ந்துவிட்டுத்தான் குசினிக்குள் கால் வைப்பார். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுப்பார்.

‘இன்னும் அங்கைதானோ?’

‘ஓம் அக்கா.’

அம்மா தலையை ஆட்டுவார். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பார்கள். அதுவும் எனக்குக் கோபம். மாமாவுக்காக நான் கோபப்பட்டுக்கொண்டிருக்க, அவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சில வருடங்களில் மாமா கிரில்லை விட்டார். பஸ் ஓட்டப் போகிறாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுத்துச் சொன்னார். அம்மா நின்றபடி கேட்டார். ‘இனி அந்தப் பக்கம் போகமாட்டாய்தானே?’ என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டுச் சாமி அலுமாரியைத் திறந்து கும்பிட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் நண்டு வாங்கி வந்தார்.

கறி கொதித்தபோது, கூப்பிட முதலே போய்ப் பக்கத்தில் நின்றேன். அம்மா அகப்பையைத் தரவில்லை. உள்ளங்கையில் விட்டுத் தானே நக்கினார். உப்புப் போட்டார். பிறகு ஒரு காலை எடுத்து, ஊதி ஊதி, அடுப்படியில் நின்றபடியே கடித்தார்.

‘இண்டைக்கு என்ன புதுசா?’

‘பசிக்குது,’ என்றார் அம்மா.

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருசமும் பசிக்கவில்லையாமா? எங்களோடு அவ்வளவு காலம் பிடித்த கோபத்தை ஒரு நண்டுக் காலுக்காக விட்டுவிட்டார் என்று நினைத்து, கதவை அடித்துச் சாத்திவிட்டு மேலே போனேன். காலையில் வந்த போனை நான் யோசிக்கவே இல்லை.