சாமி பேரில் ஒரு பாஸ்வேர்டு

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. தங்களுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்பது ஒன்று. தங்களுக்குத் தெரிந்தது வேறு ஒருத்தருக்கும் தெரியாது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் சேர்ந்துதான் என் முதல் வேலையைக் காவு வாங்கின.

தொண்ணூறுகளின் கடைசி அது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, புனேயில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தேன், கூடவே அப்பாவும். முடிவை இ-மெயிலில் அனுப்புவோம், முகவரி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றேன். அந்த வேலைமேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. அதுவரை பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குக்கூட நான் தனியாகப் பஸ் ஏறியது கிடையாது. அந்த ஒரு கடிதம் வந்தால் போதும், கண்காணாத ஊரில் போய் என் பிழைப்பை நானே பார்த்துக்கொள்வேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் புதிதாக பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. அங்கும் அப்பாதான் கூட்டிப் போனார். கடைக்காரர் விவரமான ஆள்.

"அண்ணாச்சி, இப்ப பாஸ்வேர்டுன்னு ஒண்ணு கேக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி. மத்தவங்களுக்குத் தெரியாத சொல்லா இருக்கணும். தங்கச்சியே அடிக்கட்டும், நாம பைய அங்கிட்டு திரும்பிக்கிடுவோம்" என்றார்.

அப்பா திரும்பவில்லை. "அவ என்னத்த யோசிப்பா? நான் சொல்லுதேன், அடிட்டி" என்று கண்ணை மூடி, நெற்றியில் கையை வைத்து, எங்கள் சாஸ்தாவின் பெயரைக் கணீரென்று சொன்னார். பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியாக ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ தேரிக்காட்டிலோ இருப்பார். எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பேர் ரயிலில் சந்தித்தால்கூட, எந்த ஊர் என்பதற்கு அடுத்த கேள்வி, உங்களுக்கு எந்த சாஸ்தா என்பதுதான். கேட்டவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு. இப்படி ஊரே கேட்டு ஊருக்கே சொல்லும் ஒரு பெயரைத்தான் என் அப்பா ரகசியம் என்று தேர்ந்தெடுத்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் அதுதான் பாஸ்வேர்டு. பாவம், பிழைத்துப் போகட்டும்.

அன்று சாயங்காலமே பெரியப்பா வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதைப் பற்றி அவருக்குக் கருத்து இருந்தது. பாஸ்வேர்டை எங்கே பத்திரப்படுத்துவது என்று அண்ணனும் தம்பியும் ஏதோ அணை கட்டப்போகிறவர்கள் மாதிரி ஆலோசித்தார்கள்.

"ஒரு காயிதத்துல எழுதி, அரக்கு வச்சு, பேங்க் லாக்கர்ல நகையோட வச்சிருவோம்டா."

"என்னத்துக்குண்ணே எழுதணும்? எழுதுனாத்தான களவு போகும். சாமி பேரு நமக்கு மறக்கவா போவுது?"

பெரியப்பா அசந்து போனார். "அதுஞ்சரிதான்" என்றார்.

"சாமி பேரு ஊருக்கே தெரியுமேப்பா. எனக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு வச்சுக்கிடுதேன்" என்றேன்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொட்டப்புள்ளைக்குத் தனியா என்னட்டி ரகசியம்? வீட்டாளுகளுக்குத் தெரியாம லெட்டர் போடப் போறியோ?" அதற்குமேல் பேசினால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சாமி பேரே இருந்துவிட்டது.

புனேக்கு முகவரியை எழுதிப் போட்டாயிற்று. பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க, சனிக்கிழமைதோறும் அப்பாவுக்கு ஒழிந்த நேரத்தில் சென்டருக்குப் போவோம். பெட்டி காலியாக இருக்கும். அதற்குள் ஏரலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. கம்ப்யூட்டர்காரனுக்கு மூன்று பேனா எதற்கு என்று அன்றைக்கே யோசித்தேன். நான் காப்பித் தட்டோடு நிற்கும்போதே அவனுடைய அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஒரே சாஸ்தா என்றால் பங்காளி முறை ஆகிவிடுமே, அதனால் பெண் பார்க்கும் இடத்தில் இதுதான் முதலில்.

அப்பா சொன்னார். சொன்னதோடு விட்டாரா? "எல்லாத்துக்கும் அவருதான் காவல். இவ கம்ப்யூட்டர் பெட்டிக்கும் சேத்துதான்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இ-மெயிலா மாமா? ஐடி என்ன?" என்றான். அப்பா ஓர் எழுத்து விடாமல் சொன்னார். மகளுக்கு இ-மெயில் இருக்கிற பெருமை அவருக்கு. சாவியையும் வீட்டு விலாசத்தையும் ஒரே மூச்சில் கொடுத்து, கூடவே முறுக்கும் கொடுத்தனுப்பினார்கள்.

இடையில் ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு ஒழியவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சென்டரில் பெட்டியைத் திறந்தால், புனேயிலிருந்து இரண்டு கடிதங்கள். முதல் கடிதத்தில், உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், ஒப்புதல் அனுப்பு என்று இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இரண்டாவதைத் திறந்தேன். உன் முடிவு எங்களுக்கு வருத்தம், வேலையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம், திருமண வாழ்த்துகள் என்று இருந்தது. என்ன முடிவு? யார் திருமணம்? அனுப்பிய கடிதங்களைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகப் போகிறது, வேலைக்கு வர இயலாது என்று நான் எழுதாத ஆங்கிலத்தில், கீழே என் பெயரோடு ஒரு கடிதம் இருந்தது.

யார் செய்தது என்று துப்புத் துலக்க வேண்டிய வேலையே இல்லை. மறுநாள், லீவில் ஊருக்கு வந்திருந்த அவனே அல்வாப் பொட்டலத்தோடு வந்தான்.

"நான்தான் மாமா எழுதிப் போட்டேன். எப்படியும் சென்னைக்குத்தான வரப்போறாங்க, அங்கன புனேயில என்ன சோலி? உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றான். திருடிவிட்டு வந்த முகமா அது? பரிசு வாங்க வந்த முகம்.

பெரியப்பா பூரித்துப் போனார். "மாப்பிள்ளைக்கு என்ன மூளை பாத்தியாடா! ஒருத்தரும் சொல்லாமலே கண்டுபிடிச்சிருக்காவ!" அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அல்வாவைப் பிரித்தார்.

"செத்த மூதி, வெளிய போ" என்றேன். எங்கள் வீட்டில் ஒரு பெண் சம்பந்தக்காரரைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அல்வா அங்கேயே கிடந்தது, ஆள் போய்விட்டான். வேலை திரும்பி வரவில்லை. கெஞ்சி எழுதினேன். இடம் இல்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

அவனை விரட்டியதற்கு அடுத்த நாளே நான் மட்டும் சென்டருக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தபோது சாமி வேண்டாம், பிறந்தநாள் வேண்டாம், ஊர் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கடைசியில் அந்த ஏரல்காரனைப் பற்றி நீளமாக ஒரு வசவை மனசுக்குள் கட்டினேன். அவன் தலை எண்ணெயிலிருந்து பேனா வரை எல்லாம் அதில் வந்தது. ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் எழுத்தை மட்டும் எடுத்து அடித்தேன். பார்த்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குப்பை. காகிதமும் வேண்டாம், லாக்கரும் வேண்டாம். அவனை நினைத்தால் போதும், வசவு தானாக வரும். இதைவிடப் பத்திரமான பெட்டி உண்டா?

பெரியப்பா கேட்டார், சொல்லவில்லை. குடும்பத்தில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா மட்டும் ஒரு வாரம் கழித்து, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் சொல்லும்மா. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைப்பின்ன உனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா?"

"அதான் முன்னமே ஆயிட்டுல்லாப்பா" என்றேன்.